மிகா இடம்

சந்திப்புத் தேதி அட்டையின் முதுகில்
டாக்டர் ஊய் இரண்டு கோடு கிழித்தார்.
இது இரண்டாம் எண், இது பதின்மூன்று.
இங்கே முறிந்து, இங்கே முறிந்து,
இதன் தலையில் அதன் வால்.
பேனா மூடியால் தட்டிக் காட்டினார்:
ஒட்டக் கூடாத இடம்.

சந்திப்பிழை, என்றேன்.
அவருக்குத் தமிழ் தெரியாது. தலையாட்டினார்.

பதினாறு ஆண்டாகச் செந்தூலில்
பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன்.
தோன்றல், திரிதல், கெடுதல்.
எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
மகளின் கெண்டைக்காலில்
மிகா இடத்தில் மிகுந்ததைப்
பூப்பந்து ஆடி வந்த வீக்கம் என்று
மூன்று மாதம் தைலம் தேய்த்தேன்.

உங்களிடமிருந்து வரவில்லை, என்றார் டாக்டர்.
உங்கள் கணவரிடமிருந்தும் இல்லை.
அவளுக்குள், அவளோடு தொடங்கியது.

ஆங்கிலத்தில் அது சின்னச் சொல்,
யாரையும் இடிக்காமல் நடந்து போய்விடும்.
தமிழில் மரபணு.
அணுவுக்கு முன்னால் மரபு வந்து நிற்கிறது,
இழவு வீட்டுக்கு முதலில் வந்துவிடும் உறவு மாதிரி.
அன்றிரவே காப்பாரிலிருந்து நாத்தனார்:
எங்க பக்கம் யாருக்கும் இல்லையே அண்ணி.
கணவர் கைபேசியை வாங்கி அணைத்தார்.
ஒளிக்காமல் சொல்கிறேன், நானும் எண்ணினேன்.
பந்திங்கில் காரணம் தெரியாமல் செத்த சித்தப்பா.
பெயர் வைக்கும் முன்னே போன அண்ணன்.

எட்டுச் சுற்று.
மஞ்சள் மருந்து, சிவப்பு மருந்து.
உதிர்ந்த முடியை அவளே ஒரு மைலோ டின்னில் போட்டு
மூடிமேல் தேதி எழுதினாள்.
கட்டி சுருங்கியது.
பிறகு திரும்பி வந்தது,
சாவி வைத்திருப்பவனைப் போல.

எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில்
அந்த இணைப்பை மட்டும் கண்டுபிடித்து
வாயடைக்கும் ஒரு துணுக்கு இருக்கிறதாம்.
இரண்டும் தனித்தனியே இருந்தால் தொடாதாம்.
எலி வரை வந்திருக்கிறது, என்றார்.
எலி வரை.
கேட்டுவிட்டுக் கேன்டீனில் தே ஓ வாங்கினேன்,
குடித்ததாக நினைவில்லை.

குழந்தைகள் வரை வந்திருப்பது வேறொன்று.
அவளுடைய வெள்ளணுக்களை எடுப்பார்கள்.
ஒரு கிருமியின் உள்ளே இருந்ததை வழித்தெறிந்து
வெறும் ஓட்டுக்குள் புது வரி ஒன்றை வைத்து
அணுக்களுக்குப் படிக்கக் கொடுப்பார்கள்:
கட்டியின் முகத்துக்கு அங்க அடையாளம்.

ஒப்புதல் படிவம் மலாயில் இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது.
தமிழில் ஒரு வரைவுதான்.
உங்கள் வேலையே இதுதானே, பார்த்துத் தருகிறீர்களா,
என்றாள் சிஸ்டர் நோராஷிகின்.

தலைப்பிலேயே பிழை. மரபணு சிகிச்சை.
நடுவில் ஒரு ச் வேண்டும்.
போட்டேன்.

நான்காம் பக்கம்:
இந்தச் சிகிச்சையால் உனக்குப் பலன் கிடைக்காமலும் போகலாம்.
மூன்று முறை படித்தேன்.
ஒற்று சரி. எழுவாய் சரி.
உம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது.
அடிக்க ஒன்றும் இல்லை.

ஒன்பது வயதுக்காரி
தானே படித்துக் கையெழுத்திட வேண்டுமாம்.
விரலை வரிக்கடியில் ஓட்டிப் படித்தாள்.
கிருமிக்குள்ள இருந்தத எங்கம்மா கொட்டுவாங்க?
படிவத்தில் அது இல்லை.
சஸ்மித்தா என்று எழுதினாள்,
நடுத் தகரத்துக்குப் புள்ளி வைக்காமல்.
பார்த்தேன்.
சிவப்புப் பேனா என் கையில்தான் இருந்தது.

புதன் காலை இரத்தப் பை
ஐஸ் பெட்டியில் இறங்கியது.
ஜாலான் பகாங்கில் நெரிசல், மழை வேறு.
வேன் தித்திவங்சா விளக்கைத் தாண்டும்வரை
எட்டாம் மாடிக் கண்ணாடியில்
இருவரும் நெற்றியை வைத்து நின்றோம்.
ஐந்து வாரம் ஆகுமாம்.

பசிக்குது, என்றாள்.
ரொட்டி சானாய். டால் வேணாம்.
சீனி.